படிக்கட்டில் கட்டிய படகு

நான் சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "இங்கே வேண்டாம், வெளிக் குற்றியில் கட்டலாம்" என்று. மட்டாஞ்சேரியில், அக்கா கணவர் மொய்து மச்சானின் கிடங்குக் கடவில், அதாவது படகுத் துறையில், காலை ஏழரை மணிக்கு. என் குரல் எனக்கே கேட்டது போல நினைவு இருக்கிறது. ஆனால் படகில் என்னோடு இருந்த செல்லப்பா அண்ணன் அப்படி ஒரு பேச்சே வரவில்லை என்று சத்தியம் செய்கிறார். கரையில் நின்ற என் அக்கா சகீலாவும், "நீ வாயைத் தொறந்தே, மூடினே, அவ்வளவுதான்" என்கிறாள். மனதுக்குள் ஒரு வாக்கியத்தை முழுதாகச் செய்து முடித்துவிட்டால் அதைச் சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. ஆகவே இதில் வருகிற என் பேச்சுகளை வாசிப்பவர்கள் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பேசியது சரியாகத்தான் இருக்கும். கேட்டுக்கொண்டிருப்பதுதானே என் வேலையாக இருந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம், ஜனவரி கடைசி. எங்கள் வீடு கொல்லத்தில். அத்தா முஹம்மது ராவுத்தருக்கு அஷ்டமுடிக் காயல் ஓரத்தில் மரக்கடை. அக்காவை மட்டாஞ்சேரியில் சுக்கு வியாபாரம் செய்கிற மொய்து மச்சானுக்குக் கொடுத்திருந்தோம். மச்சான் நல்லவர். நான் ஊரெல்லாம் எவ்வளவு பேசுவேனோ, அவர் தன் அம்மா முன்னால் அவ்வளவு பேசுவார், அதாவது வாயே திறக்க மாட்டார். அந்த அம்மாதான் பீவி மாமி.

முதல் பிள்ளை பிறந்த வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இரண்டு வருஷம் முன்பு ஏழாம் மாதத்தில் அக்காவைப் பஸ்ஸில் கொல்லத்துக்குக் கூட்டி வந்தோம். வழியெல்லாம் குழி. வந்த நான்காம் நாள் குழந்தை இல்லாமல் போயிற்று. பஸ்ஸால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. பீவி மாமி சொன்னார். அக்கா அதன் பிறகு மட்டாஞ்சேரிக்குத் திரும்பிப் போனாள். கடிதங்கள் வந்தன. எழுத்து அதேதான், ஆனால் அதற்குள் ஆள் இல்லாதது போல இருக்கும்.

இப்போது மறுபடியும் ஏழாம் மாதம். அத்தா கேட்டு எழுதினதற்கு அக்காவிடமிருந்து கார்டு வந்தது. அதை அத்தா சாப்பாட்டில் உட்கார்ந்து மூன்று தடவை வாசித்தார்.

'மாமி அனுப்ப மாட்டார்கள். பஸ் குலுக்கும், போட்டில் இன்ஜின் அதிரும் என்கிறார்கள். நான் விடாமல் கேட்டேன். நிறைஞ்ச சாயா கிளாஸ் சிந்தாத வண்டி ஒண்ணு உன் அத்தா கொண்டு வரட்டும், அனுப்பறேன் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும்.'

உலகத்தில் அப்படி ஒரு வண்டி இல்லை என்ற தைரியத்தில்தான் மாமி அதைச் சொல்லியிருப்பார். அத்தாவுக்கு அது விளங்கவில்லை. கை கழுவும்போது, "நம்ம துரைப்படகு இருக்கே" என்றார்.

ஊரில் ஓட்டுக் கம்பெனி நடத்திய ஒரு வெள்ளைக்காரத் துரை, சீமைக்குப் போகும்போது தன் பாய்ப்படகை எங்கள் மரக்கடைத் துறையில் விட்டுப் போயிருந்தார். திரும்பி வரவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பிறகு எழுதினார். சுமை ஏற்றுகிற வள்ளம் போலத் தட்டை அடி இல்லை அதற்கு. வயிற்றுக்குக் கீழே சுறாவின் துடுப்பைத் தலைகீழாக வைத்தது போல, ஈயம் வார்த்த ஒரு கனத்த ஏராக்கட்டை தொங்கும். மிதக்க ஐந்தடித் தண்ணீர் வேண்டும். உள்ளே இரண்டு படுக்கை. நடுவில், பித்தளை வளையங்களில் தொங்குகிற ஒரு சின்னத் தட்டு. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தட்டு மட்டும் சமமாகவே நிற்கும். துரைக்கு அந்தப் படகை ஓட்டிக் கொடுத்தவர் தூத்துக்குடிக்காரர் செல்லப்பா. முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும், வாய் ஓயாது. அவர் தட்டில் ஒரு கிளாஸ் சாயாவை வைத்துவிட்டுப் படகை இரண்டு பக்கமும் மிதித்து ஆட்டிக் காட்டினார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

"முடிஞ்சது" என்றார் அத்தா. "பத்தாம் தேதிக்குள்ள கூட்டிட்டு வந்திருங்க."

என்னை ஏன் கூட அனுப்பினார் என்றால், துரை விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும் கடல் வரைபடம் ஒன்றும் படகில் இருந்தன. வீட்டில் புத்தகம் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கடைக்கு ஆகாத பிள்ளை, கடலுக்காவது ஆகட்டும் என்று அத்தா நினைத்திருக்கலாம்.

போன வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவில் கரைக்காற்றும் பகலில் கடல்காற்றும் பார்த்துப் பார்த்து வடக்கே ஏறினோம். ஆலப்புழைக்கு நேரே ஒரு ராத்திரி நங்கூரம். செல்லப்பா அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார், நான் சுக்கான் தண்டைப் பிடித்துக்கொண்டு கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சுகமான இரண்டு நாள் அதற்கு முன்பு இருந்ததில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் துரையின் புத்தகத்தில் கடல்நீர் ஏறி இறங்குவது பற்றிய அத்தியாயத்தை வாசித்தேன். முந்தின நாள் அமாவாசை. அமாவாசையை ஒட்டி ஏற்றமும் பெரிது, இறக்கமும் பெரிது என்று இருந்தது. கொச்சிக்கு உரிய எண்ணும் ஒரு பட்டியலில் இருந்தது. பென்சிலால் கடல் படத்தின் ஓரத்தில், 'காலை எட்டுக்கு ஏற்றம், இரண்டுக்கு இறக்கம், மூன்றடி' என்று குறித்து, படத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மறுநாள் விடியும்போது காயல் கடலில் திறக்கிற கொச்சி அழிமுகத்துக்கு வெளியே இருந்தோம். எதிரே கரைக்காற்று, காலடியில் உள்ளே ஏறுகிற தண்ணீர். காற்று வேண்டாம் என்றது, தண்ணீர் வா என்று இழுத்தது. பாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி, வைப்பின் தீவுக் கரையைத் தொடப் போய்த் திரும்பி, கோட்டைப் பக்கத்துச் சீனவலைகளைத் தொடப் போய்த் திரும்பி, கோணல் கோணலாக உள்ளே நுழைந்தோம். வலையைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்த ஆள் ஒருவர் எங்களைப் பார்த்தபடி கயிற்றை விட்டுவிட்டார். வலை பாதியில் நின்றது.

"எந்த ஊரு?" என்று கத்தினார்.

"கொல்லம். பொண்ணு கூட்டிப்போக வந்திருக்கோம்" என்று செல்லப்பா அண்ணன் கத்தினார்.

"இதிலயா?"

"இதில என்ன கொறை? உமக்குப் பொண்ணு இருந்தா சொல்லும்."

வலதுபுறம் திரும்பி மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கால்வாயில் புகுந்தோம். இடதுபுறம் வில்லிங்டன் தீவில் கப்பல்கள். வலதுபுறம் கிடங்குகள், வரிசையாக, ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்க்க வேண்டாம். சுக்கு, மிளகு, ஈரச் சாக்கு எல்லாம் சேர்ந்த மணம் தண்ணீர் மேலேயே நின்றது. அப்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. அக்கா வீட்டுக்கு நான் நாலைந்து முறை வந்திருக்கிறேன், எல்லாம் தெருப் பக்கமாக. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து அந்த வீட்டின் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"மேல் ஜன்னல்ல பச்சைச் சேலை தொங்கவிடறேன்னு அடுத்த கார்டுல எழுதியிருக்கா" என்றேன்.

செல்லப்பா அண்ணன் கரையைப் பார்த்தார். "நல்லது. மூணு பச்சைச் சேலை தொங்குது. எந்த அக்கா நம்ம அக்கா?"

மூன்றாவது சேலை மட்டும் காற்றுக்குச் சம்பந்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்து யாரோ இரண்டு கையாலும் உதறிக்கொண்டிருந்தார்கள். அங்கே திரும்பினோம்.

கிடங்கின் பின்கதவிலிருந்து கருங்கல் படிகள் தண்ணீருக்குள் இறங்கின. படியிலிருந்து முப்பது கெஜம் தள்ளி, ஆழத்தில், ஒரு தனிக் குற்றி, படகு கட்டுகிற மரத்தூண், நட்டிருந்தது. செல்லப்பா அண்ணன் பாயை இறக்கிவிட்டு, இருக்கிற ஓட்டத்திலேயே அந்தக் குற்றியைப் பார்த்துப் படகை விட்டார். கடவில் கழுக்கோலோடு நின்ற ஔசேப்பு, இரண்டு தலைமுறையாக அந்த வீட்டு வள்ளங்களைத் தள்ளுகிறவர், கோலை உயர்த்தி ஆட்டினார்.

"அங்ஙோட்டல்ல, இங்ஙோட்டு. படிக்கல் வரைக்கும் வரலாம். வெள்ளம் உண்டு, ஆழம் போதும்."

"ஆழமான படகு, சேட்டா. குத்தியில கட்டிக்கறோம்."

படிகளின் உச்சியில் வெள்ளைத் துப்பட்டியோடு பீவி மாமி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மச்சான். பின்னால், ஜன்னலிலிருந்து இறங்கி வந்த மூச்சோடு அக்கா. மாமி சத்தம் போடவில்லை. அந்தக் கால்வாயில் அவருக்குச் சத்தம் போட வேண்டியிருந்ததில்லை.

"சம்பந்திக்காரங்க படகைக் குத்தியில கட்டவா? நாங்க என்ன வழக்குக்கு நிக்கிறோமா?"

அந்த வீட்டில் அது ஒரு முறை. சுமை இறக்கக் காத்திருக்கிற வள்ளமும், சண்டைக்கு வந்தவர்களின் வள்ளமும்தான் வெளிக் குற்றியில் நிற்கும். உறவுக்காரர் படகின் மூக்கு படிக்கல்லைத் தொட வேண்டும். தொடாவிட்டால் வந்ததாகவே கணக்கில்லை.

செல்லப்பா அண்ணன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்தார். "ஆறடி இருக்கு. நமக்கு அஞ்சு போதும். என்ன சொல்றே, சின்ன மொதலாளி?"

ஏழரை மணி. என் சட்டைப்பையில் மூன்றடி இருந்தது. அஷ்டமுடிக் காயலில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் ஒரு சாண். செல்லப்பா அண்ணன் அந்தப் படகை அங்கேயே வைத்துப் பழகியவர், அவருக்கு அது தோன்றவில்லை. ஔசேப்பின் வள்ளங்களுக்கு ஏராக்கட்டையே இல்லை. முழங்கால் தண்ணீரிலும் அவை நிற்கும், சேற்றிலும் உட்காரும், அவருக்கும் தோன்றவில்லை. தெரிந்தவன் நான் ஒருவன். மாமி என்னைப் பார்த்தார். இந்த இடத்தில்தான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன், அல்லது சொல்லவில்லை.

படகு படிக்கல்லைத் தொட்டது. ஔசேப்பு முன் கயிற்றையும் பின் கயிற்றையும் கல் வளையத்தில் கட்டினார். அக்கா இரண்டு படி இறங்கி வந்து என் தலையில் கை வைத்து, "இளைச்சுட்டே" என்றாள்.

"சாயா பரீட்சை மத்தியானம் லுஹர் தொழுதப்புறம். வந்தவங்களுக்கு முதல்ல சோறு" என்று மாமி உள்ளே போனார்.

மாடியில் பாய் விரித்து அரிசிப் பத்திரியும் ஆட்டுக்கறியும் வைத்தார்கள். செல்லப்பா அண்ணன் எட்டாவது பத்திரியில் இருந்தார். நான் இரண்டாவதிலேயே நின்றுவிட்டேன். எனக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே துரைப்படகின் பாய்மரம், சட்டத்துக்கு நேர்கோடாக. பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வரைக்கும் அது நேராக இருந்தது. பிறகு அதற்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி வந்தது. பிறகு இரண்டு விரல்.

"என்ன மோனே, கறி பிடிக்கலியா?" என்றார் மாமி.

"பிடிச்சிருக்கு மாமி. படகு சாயுது."

இதை நான் சொன்னேன். இதற்குச் சாட்சி உண்டு.

நாங்கள் கீழே ஓடியபோது படகு குடித்தவன் சுவரைத் தேடுவது போலக் கால்வாய்ப் பக்கமாக மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. ஏராக்கட்டை சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் இறங்கி, சாய்கிற பக்கம் சேற்றில் கயிற்றுப் பாய்களையும் உமிச்சாக்குகளையும் அடுக்கினார்கள். படகு அவற்றின் மேல் நோகாமல் படுத்துக்கொண்டது. பக்கத்துக் கடவுகளிலிருந்தெல்லாம் ஆள் வந்துவிட்டது. எதிரே போன ஒரு சுமை வள்ளம் வேகத்தைக் குறைத்தது.

"கொல்லத்துப் படகு உறங்குதா?" என்று அதிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ராத்திரி பூரா ஓடி வந்தது, கொஞ்சம் கண்ணயருது" என்றார் ஔசேப்பு. தன் கடவில் வந்த படகை வேறொருவர் கேலி செய்ய அவர் விடுவதாக இல்லை.

நான் சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்துச் செல்லப்பா அண்ணனிடம் நீட்டினேன். எழுத்தைப் படிக்க வராது அவருக்கு, எண் தெரியும். மூன்று என்ற எண்ணைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"எப்ப எழுதினது?"

"நேத்து."

அவர் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார். "சின்ன மொதலாளி, அந்த வாயை அல்லா எதுக்குக் கொடுத்தான்? ரெண்டு பத்திரி திங்கவா? அதுவும் முழுசாத் திங்கலியே."

அக்கா அப்போதுதான் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் துப்பட்டியை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அது போதவில்லை. படியில் உட்கார்ந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மச்சான் பயந்துபோய் அவள் முதுகைத் தடவினார். "மெதுவா, சகீலா, மெதுவா" என்றார். அவர் சொல்லச் சொல்ல அவளுக்கு அதிகமாயிற்று. ஊரெல்லாம் படகைப் பார்த்துக்கொண்டிருந்தது. பீவி மாமி மட்டும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு அது.

பிறகு படகுக்குத் திரும்பினார். "நிக்கவே தெரியாத இதுலயா என் மருமவ கடலுக்குப் போறது?"

"சாயாவுக்கு உண்டான ஏற்பாடு உள்ளே இருக்கு, நீங்க வந்து பாருங்க" என்றார் செல்லப்பா அண்ணன். அவரைப் பாராட்ட வேண்டும். இடுப்பு வரை சேறு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

லுஹர் தொழுதுவிட்டு மாமி வந்தார். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. படியிலிருந்து படகுக்குப் பலகை போட்டு, ஔசேப்பு ஒரு பக்கமும் மச்சான் ஒரு பக்கமுமாகப் பிடித்து, மாமியை உள்ளே இறக்கினார்கள். மாமி கனத்த உடம்பு. சாய்ந்த படகின் தாழ்ந்த பக்கத்துப் படுக்கையில் போய்ச் சரிந்து உட்கார்ந்தார். சுவர் தரையாகவும் தரை சுவராகவும் இருந்தது. எல்லாம் கோணலாக இருந்த அந்த அறையில் பித்தளைத் தட்டு ஒன்றுதான் சமமாக நின்றது. அதன் மேல் விளிம்பு வரை சாயா.

மாமி அதைப் பார்த்தார். விரலால் தட்டை ஆட்டினார். வளையங்கள் சுழன்றன, சாயா நடுங்கிற்று, சிந்தவில்லை.

"தட்டுக்குச் சிந்தல. சரி. என் மருமவளைத் தட்டுலயா உக்காத்தி வெப்பே?"

செல்லப்பா அண்ணன் வாய் ஓய்ந்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். கயிற்றைப் பார்த்து வருகிறேன் என்று மேலே போய்விட்டார். அக்காவின் முகம் மேலே வாசல் ஓட்டையில் தெரிந்தது. சிரிப்பு போயிருந்தது. அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்குவது அந்தத் தட்டோடு முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது.

மாமி எழுந்து வெளியேறப் பார்த்தார். முடியவில்லை. இறங்கும்போது உதவிய சரிவு இப்போது எதிரே மலையாக நின்றது. இரண்டு முறை முயன்று, மீண்டும் உட்கார்ந்தார்.

"இது எப்ப நேராகும்?"

"அஸருக்கு மேலே தண்ணி ஏறும். மக்ரிபுக்குள்ள நேராயிடும்" என்றேன், நாலு மணியிலிருந்து ஆறரைக்குள் என்று கணக்குப் போட்டு.

"அப்ப அதுவரைக்கும் இருக்கேன். என்னைக் கயிறு கட்டித் தூக்கிறதை மட்டாஞ்சேரி பாக்க வேண்டாம். நீயும் உக்காரு."

உட்கார்ந்தேன். மேலே ஆட்கள் கலைந்தார்கள். ஔசேப்பு ஒரு வெற்றிலைச் செல்லத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார். படகின் பலகைகள் வெயிலில் டக் டக் என்று பேசிக்கொண்டன. மாமி வெற்றிலை மடித்தார். மற்றவர்களோடு மௌனமாக இருக்கும்போது அவர்கள் அதை நிரப்ப அவசரப்படுவார்கள். மாமி அவசரப்படவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். அஸர் வந்தது. மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டார், காட்டினேன். சரிந்த பலகையில் உட்கார்ந்தபடியே தொழுதார்.

முடித்துவிட்டு, "தண்ணி வத்தும்னு உனக்குத் தெரியுமாமே" என்றார்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க பார்த்துட்டு இருந்தீங்க."

"என் மவனும் இப்படித்தான்" என்றார். பிறகு தட்டைக் காட்டி, "கடல்ல இந்தச் சாயா சிந்துமா? செல்லப்பா சிந்தாதுன்னுதான் சொல்லுவான். நீ சொல்லு."

எனக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. அத்தாவின் பதில் தட்டில் இருந்தது. "சிந்தும் மாமி" என்றேன். "வர்ற வழியில தினம் சிந்துச்சு. படகு சாயும். ஆனா குலுக்காது, தூக்கிப் போடாது. சாயும், திரும்ப எழுந்துக்கும். அடியில அவ்வளவு ஈயம் இருக்கு. கீழே போக விடாது."

மாமி கையை நீட்டித் தட்டிலிருந்த கிளாஸை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வேறு யாரிடமோ பேசுவது போலப் பேசினார்.

"பிள்ளை போன அன்னிக்கு எனக்குத் தந்திதான் வந்தது. மூணு வார்த்தை. மொய்துவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, தெருவுல ஒருத்தரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். அவர் வாசிச்சுட்டு எங்க முகத்தைப் பாக்கல. பஸ்ஸு, ரோடுன்னு நான் இன்னிக்கும் சொல்றேன். எனக்கு பஸ் மேல என்ன? அவ அங்க கிடந்து அழுதிருக்கா. நான் இங்க இருந்தேன். அவ்வளவுதான்."

நான் வாசித்த புத்தகம் எதிலும் இது இல்லை. வெளியே படகின் அடியில் தண்ணீர் முதல் முறையாக நாக்கை நீட்டுகிற சத்தம் கேட்டது.

"நீங்களும் வாங்க மாமி" என்றேன்.

இந்த மூன்று வார்த்தையை நான் சொன்னேன். இதில் சந்தேகமே இல்லை. மேலே வாசல் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டிருக்கிறாள், இன்றும் சொல்வாள்.

மாமி கையிலிருந்த சாயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏறிற்று. படகு அசைந்தது தெரியவில்லை. ஆனால் சற்று முன் சுவராக இருந்தது சாய்வாயிற்று, சாய்வு தரையாகத் தொடங்கிற்று. தூக்கத்தில் ஒரு குழந்தை புரண்டு மல்லாந்து படுப்பது போல, அதற்கும் மெதுவாக. பித்தளைத் தட்டு இருந்த இடத்திலேயே இருக்க, படகு அதைத் தேடி வந்து சேர்ந்தது. வாசல் வழியாக விழுந்த வெயில் மாமியின் மடியிலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து தரைக்கும் நகர்ந்தது. பிறகு அடியில் ஏதோ விட்டுப்போன மாதிரி ஒரு மெல்லிய அசைவு. மிதந்துவிட்டோம்.

"எழுந்துட்டா" என்று மேலே செல்லப்பா அண்ணன் சொன்னார். படிகளில் யாரோ கை தட்டினார்கள்.

மாமி கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். விளிம்பு வரை இருந்தது. குடித்தார்.

"ஆறிப்போச்சு" என்றார். "ஆனா முழுசா இருக்கு."

அவர் வெளியே வந்தபோது எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அக்கா எழுந்து நின்றாள். மாமி பலகையில் கால் வைத்து, படியில் ஏறி, துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, முதலில் ஔசேப்பிடம் பேசினார்.

"இதைக் கொண்டுபோய்க் குத்தியில கட்டு. ராத்திரியும் தண்ணி வத்தும். சம்பந்தம் ஒண்ணும் கெட்டுப்போகாது." பிறகு மச்சானிடம், "மொய்து, என் பெட்டியை எறக்கு. வெத்தலை நூறு வாங்கு. கொல்லத்து வெத்தலை காரம்."

"உம்மா, நீங்க எங்கே?"

"சிந்துற சாயாவைப் பிடிக்க ஆள் வேண்டாமா?"

மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த வீடு அன்றுதான் பிடித்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, தண்ணீர் வெளியே ஓடத் தொடங்கும்போது, கரைக்காற்றில் குற்றியை விட்டோம். மச்சான் ஔசேப்போடு கடவில் நின்று, கண்ணுக்கு மறையும் வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தார். சீனவலைக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். "பொண்ணு கிடைச்சுதா?" என்று கேட்டார். "ரெண்டு" என்றார் செல்லப்பா அண்ணன். மாமி மட்டாஞ்சேரியை விட்டு அதற்கு முன் எர்ணாகுளம் வரைதான் போனவர். அழிமுகத்தைத் தாண்டிப் படகு முதல் முறை சாய்ந்தபோது அக்காவின் தோளை ஒரு கையாலும் கதவுச் சட்டத்தை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார். படகு எழுந்தது. அடுத்த முறை சட்டத்தை மட்டும் பிடித்தார். ஆலப்புழை தாண்டிய பிறகு எதையும் பிடிக்கவில்லை, சுக்கான் தண்டைக் கேட்டார். செல்லப்பா அண்ணன் தரவில்லை. "மொதல்ல ஈயத்துக்குப் பழகுங்க, அப்புறம் சுக்கான்" என்றார். "உனக்கு நான் பத்திரி போட்டது வீண்" என்றார் மாமி.

இரண்டாம் நாள் மதியம் சாயா சிந்திற்று, மாமியின் வெள்ளைத் துப்பட்டி மேலேயே. நான் சுக்கானை விட்டுவிட்டு எழுந்தேன். மாமி கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன் தம்பி சொல்லியிருந்தான்" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்காவுக்கு ஏப்ரல் முதல் வாரம் கொல்லத்து வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. மாமி அறைக்கு வெளியே இருக்கவில்லை, உள்ளே இருந்தார். குழந்தைக்கு சுல்ஃபத் என்று பெயர். அவள் இப்போது எர்ணாகுளத்தில் கல்லூரியில் படிக்கிறாள், தமிழைவிட மலையாளம் நன்றாக எழுதுகிறாள். மாமி பிள்ளை பிறந்து நாற்பது நாள் இருந்துவிட்டு அக்காவோடும் பிள்ளையோடும் படகிலேயே திரும்பினார். அறுபத்தைந்தாம் வருஷம் மௌத்தாகி அடக்கமானார். மொய்து மச்சான் சுக்கு வியாபாரத்தில்தான் இருக்கிறார், இப்போது பேசுகிறார். ஔசேப்பு கடவில் இல்லை, அவர் மகன் இருக்கிறார். செல்லப்பா அண்ணன் எர்ணாகுளத்துப் பயணிகள் போட்டை ஓட்டும் சிராங்காக இருக்கிறார், வாய் இன்னும் ஓயவில்லை. அத்தா மரக்கடையை என் தம்பியிடம் கொடுத்துவிட்டார். துரைப்படகை அறுபதில் ஆலப்புழைக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். பித்தளைத் தட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டோம், அது அக்கா வீட்டு மாடியில் தொங்குகிறது. நான் கொல்லத்தில் ஒரு புத்தகக் கடை வைத்திருக்கிறேன்.